பூனைக்கு எதற்கு முன்கதை?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பேட்மேன் காமிக்ஸில் வரும் திருடி கேட்வுமனின் இளமையைப் பற்றி சாரா ஜே. மாஸ் 2018ல் எழுதிய இளையோர் நாவலை வாசித்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் நோயாளித் தங்கை, வறுமை என்று காரணங்களை அடுக்கியதும் அந்தத் திருடி மேல் இருந்த கவர்ச்சியே போய்விட்டது. எதிர்நாயகிக்கு முன்கதை அவசியமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேட்வுமனாகிய செலினா கைல் முன்கதை இல்லாமல்தான் வந்தாள். 1940ல், பேட்மேன் காமிக்ஸின் முதல் இதழில், கிழவி வேஷம் போட்டுப் படகில் நகை திருடுகிறாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பிடித்த பேட்மேனே அவளைத் தப்ப விடுகிறான். பத்து வருஷம் கழித்துத்தான் காரணம் வந்தது: விமான விபத்தில் தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துபோய்த் திருடியாகிவிட்டாளாம்! 1983ல் வந்த ஒரு கதையில், அது தானே கட்டிவிட்ட பொய் என்கிறாள். 1987ல் காமிக்ஸ் எழுத்தாளர் ஃபிராங்க் மில்லர் அவளைப் பாலியல் தொழிலாளியாகக் காட்டினார். ஒரு பெண் திருடினால் எந்த நிபந்தனையில் மன்னிக்கலாம் என்று ஒவ்வொரு தலைமுறையும் பேரம் பேசியிருக்கிறது.

அதனால் தங்கை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். தங்கைக்காக என்றதுமே திருட்டு தியாகமாகிவிடுகிறது. பதினைந்து வயது வாசகருக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்பார்கள். சரி, இருக்கட்டும். நாவலில் எனக்குப் பிடித்தது வேறு: பேட்மேன் ஊரில் இல்லை. அவனைத் துரத்துவதும் அவனிடமிருந்து தப்புவதுமாகவே இருந்தவளுக்கு முதலில் தேவைப்பட்டது அந்தக் காலியிடம். பணக்காரி வேஷத்தில் பேட்மேனின் ஊரான காத்தமுக்குத் திரும்பி வந்து அவள் ஆடும் ஆட்டத்தில் தங்கையை நாமே மறந்துவிடுகிறோம்.

முன்கதையே கூடாது என்று சொல்லமாட்டேன். ஹார்லி குவினைப் பாருங்கள். 1992ல் பேட்மேன் கார்ட்டூன் தொடரில் பேட்மேனின் பரம எதிரி ஜோக்கரின் அடியாளாக வந்தவள். பால் டினியும் புரூஸ் டிம்மும் 1994ல் எழுதிய ‘மேட் லவ்’ காமிக்ஸ் அவள் கதையைச் சொன்னது. படித்தவள், ஆர்க்கம் மனநலக் காப்பகத்தில் மருத்துவர். ஜோக்கர் தன் அப்பா அடித்த கதையைச் சொல்கிறான், இவள் விழுந்துவிடுகிறாள். அப்புறம் பேட்மேன் சொல்கிறான்: ஆளுக்கொரு பால்யக் கதை சொல்வது ஜோக்கரின் வழக்கம். சோகமான முன்கதையையே தூண்டிலாக வைத்து ஒரு முன்கதை! அதை வாசித்துவிட்டு, செலினாவின் தங்கையைப் பற்றி இதே கருத்தில்தான் இருக்கிறீர்களா என்று எழுதுங்கள்.