'தி விர்ஜின் ஸ்பிரிங்': வெட்டாதீர்கள், சொல்லிவிட்டுப் போடுங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றத்தில் ஸ்வீடிஷ் இயக்குநர் இங்மார் பெர்க்மனின் 'தி விர்ஜின் ஸ்பிரிங்' படத்தைத் திரையிட இருக்கிறோம். பாலியல் வன்முறைக் காட்சி இருப்பதால் சிலர் தயங்குகிறார்கள். அதை மட்டும் வெட்டிவிடலாமா? முடிவில் ஊற்று பெருகுவதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

பதில்: வெட்ட வேண்டாம். வெட்டினால் படமே நிற்காது.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இடைக்கால ஸ்வீடன். தேவாலயத்துக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோகும் காரின் என்ற பெண்ணை ஆடு மேய்க்கும் சகோதரர்கள் காட்டில் சீரழித்துக் கொல்கிறார்கள். அன்றிரவு அவர்கள் தங்க வருவதே அவளுடைய வீட்டுக்குத்தான். அவளது உடையை அவளுடைய தாயிடமே விற்கப் பார்க்கிறார்கள். தந்தை தோரே மூவரையும் கொல்கிறார்.

அந்த மூவரில் ஒருவன் சிறுவன். அவன் எதுவும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன்கள் போன பிறகு பிணத்தின் மேல் மண்ணை அள்ளிப் போட முயல்கிறான். தோரே அவனையும் தூக்கிச் சுவரில் எறிகிறார். காட்டில் நடந்ததை நேரில் பார்த்த நமக்கு, 'இவர்களைக் கொல்ல வேண்டும்' என்ற ஆத்திரம் ஏற்கெனவே ஏறியிருக்கும். சிறுவன் விழும்போது அந்த ஆத்திரம் நம்மையே திருப்பிக் கேட்கிறது. காட்டில் நடப்பதை வெட்டினால் இந்தக் கேள்வி எழ வழியே இல்லை. மிஞ்சுவது வெறும் பழிவாங்கல் கதை.

அதற்காக யாரையும் திடுக்கிட வைக்கவும் கூடாது. அறிவிப்பிலும் படம் தொடங்கும் முன்பும், பாலியல் வன்முறையும் ஒரு சிறுவனின் கொலையும் வருகின்றன என்று நேராகச் சொல்லிவிடுங்கள். எழுந்து போக நினைப்பவர் பிறர் கண்ணில் படாமல் போக, பின்கதவு திறந்திருக்கட்டும். கதையைச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். இது பழைய ஸ்வீடிஷ் நாட்டுப்பாடல் ஒன்றிலிருந்து உல்லா ஈசாக்சன் எழுதிய திரைக்கதை. பாடலில் மகள்கள் மூவர். கொன்றவர்களோ தோரேயின் சொந்த மகன்கள். படத்தில் அந்த உறவு கிடையாது, ஒரே மகள்தான். அந்த மாற்றத்தை மாணவர்களிடம் சொல்லுங்கள், நல்ல விவாதம் பிறக்கும்.

ஒரு காட்சியை முன்கூட்டியே கவனிக்கச் சொல்லுங்கள். கொலைக்கு முன், தோரே திறந்த வெளியில் தனியாக நிற்கும் இளம் பிர்ச் மரத்தை உடம்பால் மோதி, மல்லுக்கட்டிச் சாய்க்கிறார். அதன் கிளைகளால் தன்னையே அடித்துக்கொண்டு குளிக்கிறார். ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்டின் கேமரா தூரத்தில் நின்றே பார்க்கிறது. என்னைக் கேட்டால், படத்தின் மிகப் பெரிய காட்சி இதுதான். குளியல் தூய்மைப்படுத்துகிறதா, கொலைக்குத் தயார்படுத்துகிறதா? தோரே கிறிஸ்தவர். ஆனால் அந்த வீட்டிலேயே இங்கெரி என்ற பணிப்பெண் கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வமான ஓடினை வேண்டுகிறாள். இரண்டு நம்பிக்கைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது.

சரி, ஊற்று. 'கடவுள் மன்னித்துவிட்டார்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். மகளின் உடலருகே தோரே நமக்கு முதுகைக் காட்டியபடி, "நீ பார்த்தாய், இறைவா" என்று கடவுளிடம் முறையிடுகிறார். குற்றமற்ற மகள் செத்ததையும், தான் பழிவாங்கியதையும் நீ விட்டுவிட்டாயே என்கிறார். உடனே மன்னிப்பும் கேட்டு, இந்தக் கைகளாலேயே இங்கே ஒரு தேவாலயம் கட்டுவேன் என்கிறார். அப்புறம்தான் மகளைத் தூக்கும்போது தண்ணீர் வருகிறது. இங்கெரி அதில் முகம் கழுவுகிறாள். காரினுக்குக் கேடு வர வேண்டும் என்று ஓடினிடம் வேண்டியவளும் அவள்தான்.

படம் 89 நிமிடம். முடிந்ததும் விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு, பேச அரை மணி நேரம் வையுங்கள். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: தோரேயின் கேள்விக்கு அந்த ஊற்று பதிலா, இல்லை கேள்வியே நின்றுவிட்டதா?