முன்பணம் கொடுக்க முடிந்தால் மட்டும் ஃபேர் டிரேட் என்று பலகை மாட்டுங்கள்

கேள்வி: டெக்சஸின் சான் அன்டோனியோவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தோழிக்குச் சொந்த ஊர் மெக்சிகோவின் ஒஹாக்கா. மெக்சிகோ, பெரு கலைஞர்களின் நாட்டார் கலைப் பொருட்களையும் ஓவியங்களையும் விற்கும் சின்ன கேலரி ஒன்றை இருவரும் தொடங்கப் போகிறோம். நியாயமான முறையில் நடத்த வேண்டும் என்று ஆசை. எல்லாவற்றையும் ‘விற்றதும் பணம்’ என்று வாங்கி வைக்கலாமா? விலை எப்படி வைப்பது?

பதில்: எல்லாவற்றையும் அப்படி வாங்காதீர்கள். நீங்கள் கேட்டதிலேயே முக்கியமானது இதுதான்.

ஒஹாக்காவுக்குப் பக்கத்தில் தியோத்தித்லான் தெல் வாயே என்று ஒரு நெசவு ஊர் இருக்கிறது. அங்கே ஒருவர் கம்பளி நூல் வாங்கி, சாயம் ஏற்றி, தறியில் வாரக்கணக்கில், பெரிய விரிப்பு என்றால் மாதக்கணக்கில் உட்கார்ந்து நெய்கிறார். அதை உங்களுக்கு அனுப்பிவிட்டு விற்கும்வரை அவர் காத்திருந்தால், உங்கள் கடைக்கு முதல் போட்டவர் அவர்தான். உலக நியாய வணிக (ஃபேர் டிரேட்) அமைப்பின் விதிப்படி, கைவினைஞர் கேட்டால் ஆர்டர் தொகையில் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், பலர் கூச்சப்பட்டுக் கேட்கமாட்டார்கள். பாதியை ஆர்டரோடும் மீதியைச் சரக்கு கிளம்பும்போதும் கொடுத்துவிடுங்கள். விற்காமல் போனால் நஷ்டம் உங்களுடையது, அவருடையது இல்லை.

ஓவியருக்கு வழக்கம் வேறு. படத்தை கேலரியில் வைத்து, விற்ற பிறகு 40 அல்லது 50 சதவீத கமிஷன் எடுத்துக்கொள்வது அங்கே சாதாரணம், தவறும் இல்லை. ஆனால் டெக்சஸ் சட்டப்படி அப்படி வைத்த படமும், விற்று வந்ததில் ஓவியரின் பங்கும் நம்பிக்கைச் சொத்து, அதாவது நீங்கள் வெறும் காவலர். அந்தப் பணத்தை எடுத்து வாடகை கட்ட முடியாது. அதற்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். தள்ளுபடி கொடுத்தால் யார் தாங்குவது, படம் சேதமானால் யார் பொறுப்பு, எத்தனை நாளில் பணம் என்பதையெல்லாம் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், ஸ்பானிஷிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

எது நாட்டார் கலை, எது நுண்கலை என்று கேட்பீர்கள். பெருவில் 1975-க்கான தேசிய கலாசாரப் பரிசை அயகுச்சோவின் ஹோவாகின் லோபெஸ் அந்தாய்க்குக் கொடுத்தார்கள். கதவு வைத்த மரப்பெட்டிக்குள் சின்னச் சின்ன உருவங்களை அடுக்கும் ரெட்டாப்லோ கலைஞர் அவர். கைவினைஞருக்குக் கலைப் பரிசா என்று ஓவியர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தச் சண்டையை உங்கள் கடைக்குள் கொண்டுவராதீர்கள். பொருளின் பெயரைப் பார்க்க வேண்டாம், செய்பவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்து ஒப்பந்தம் போடுங்கள்: ஆர்டர் எடுத்துச் செய்கிறாரா, முன்பணம், தன் போக்கில் ஒரே ஒரு படைப்பு செய்து காட்சிக்கு வைக்க விரும்புகிறாரா, கமிஷன்.

அப்புறம் விலை. முதலில் கைவினைஞர் தன் விலையைச் சொல்லட்டும், பேரம் வேண்டாம். எத்தனை நாள் வேலை, பொருளுக்கு எவ்வளவு செலவு என்று உங்கள் தோழி அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடட்டும், சொன்ன விலையில் கூலியே தேறவில்லை என்றால் நீங்களே கூட்டிக் கொடுங்கள். அவர் விலை, பேக்கிங், போக்குவரத்து, சுங்கம் எல்லாம் கூட்டி வருவதைப் போல இரண்டு மடங்கு கடை விலை. வாடகையும் மின்சாரமும் அதில்தான் வர வேண்டும். சுங்க விகிதம் மாறிக்கொண்டே இருக்கிறது, முதல் ஆர்டருக்கு முன்பே ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரிடம் பேசிவிடுங்கள்.

உங்கள் ஊர் மார்க்கெட் ஸ்கொயரில் இதைவிட மலிவாகக் கிடைக்குமே என்று வருகிறவர்கள் சொல்வார்கள். விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் காட்டுங்கள். நெசவாளர்கள் சிவப்புச் சாயம் எடுக்கும், சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினில் என்ற பூச்சியைக் காய வைத்து உள்ளங்கையில் நசுக்கினால் அடர்ந்த சிவப்பு வரும். அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் ஆரஞ்சு கலந்த சிவப்பு, சுண்ணாம்பு ஒரு துளி சேர்த்தால் ஊதா. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைத்த நமக்கு இது உடனே புரியும். ஒரு தட்டில் வைத்து வாடிக்கையாளர் கண் முன்னால் செய்து காட்டுங்கள், எந்த விளம்பரமும் இதற்கு ஈடாகாது.

ஒவ்வொரு பொருளிலும் கட்டும் சீட்டில் செய்தவர் பெயர், ஊர், பொருள், சாயம் இயற்கையா செயற்கையா எல்லாம் இருக்கட்டும். செயற்கைச் சாயம் குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். ‘ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசுவோர்) கலை’ என்று மொத்தமாக எழுதிவிடாதீர்கள், தியோத்தித்லான் நெசவாளர்களில் பெரும்பாலோர் சபோடெக் பழங்குடி மக்கள், அவர்களுக்கென்று தனி மொழி உண்டு. அந்த வடிவங்களைப் படம் பிடித்துப் பையிலும் டி-ஷர்ட்டிலும் அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பழங்குடிச் சமூகங்களின் பண்பாட்டு உடைமையைக் காக்க மெக்சிகோ 2022-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

பொருளைப் பற்றிய உண்மையையும் சொல்லி விற்க வேண்டும். ஒஹாக்காவுக்குப் பக்கத்து ஊரான சான் பார்த்தோலோ கொயோத்தெபெக்கின் கறுப்புப் பானைக்கு அந்தப் பளபளப்பைக் கொண்டுவந்தவர் தோன்யா ரோசா என்ற குயவர். 1950-களில் அவர் சுடுவதற்கு முன் பானையைக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார். அழகு கூடியது, ஆனால் அந்தப் பானையில் தண்ணீர் நிற்காது, கசியும். சொல்லாமல் விற்றால் பூ வைத்தவர் மேசை பாழாகி உங்களிடம்தான் வருவார். மேலே கண்ணாடி போலப் பூசிய பூச்சில் ஈயம் உள்ள மண் பாத்திரங்களை அலங்காரத்துக்கு மட்டும், உணவுக்கு அல்ல என்று அழியாத எழுத்தில் குறிக்காமல் அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். கோப்பால் மரச் சிற்பங்களுக்கு அடியில் மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே வண்டு. பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், புதிதாக வரும் மரப் பொருள் எல்லாவற்றுக்குமே இதை வழக்கமாக்கிக்கொண்டால் நல்லது. நான் ஒருமுறை சோம்பேறித்தனமாக விட்டுவிட்டு, ஒரு அலமாரிச் சிற்பங்களையே இழந்தேன்.

யாராவது ‘பழங்காலப் பானை’ என்று கொண்டுவந்தால் தொடாதீர்கள். ஸ்பானியர் வருகைக்கு முந்தைய பொருட்கள் 1972 சட்டப்படி மெக்சிகோ நாட்டின் சொத்து.

கடை வாடகைக்கு அவசரப்பட வேண்டாம். 1946-இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண் புவேர்ட்டோ ரிக்கோ பெண்களின் தையல் வேலைகளை வாங்கிவந்து, காரிலேயே வைத்துக்கொண்டு தெரிந்தவர்களிடம் விற்றார், அதுதான் பின்னாளில் டென் தௌசண்ட் வில்லேஜஸ் என்ற ஃபேர் டிரேட் கைவினை நிறுவனம் ஆனது. நீங்களும் மூன்று நான்கு குடும்பங்களோடு தொடங்கி, இருக்கும் பணத்தை முன்பணமாகப் போடுங்கள். முதல் சரக்கு விற்றதும் அதே குடும்பங்களுக்கே இரண்டாவது ஆர்டர் போகட்டும், அடுத்த ஆர்டர் எந்த மாதம் வரும் என்று தெரிந்தால்தான் அவர்களால் நூலும் மரமும் முன்கூட்டி வாங்கி வைக்க முடியும்.