இரவல் பெயர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் உரை ஒன்றில் வியட்நாமிய நடிகரும் இயக்குநருமான டஸ்டின் நுயெனைப் பாராட்டிப் பேசியிருந்தீர்கள். தேடி, அவர் இயக்கிய 'லுவா ஃபத்' படத்தைப் பார்த்தேன். துறவி, வாள், சண்டை. எனக்கு ஏமாற்றம்தான். ஹாலிவுட்டில் வாய்ப்பு குறைந்ததும் சொந்த நாட்டுக்குப் போய்ப் படம் எடுத்தவர் என்றே தோன்றியது. பிரான்சில் வாழும் வியட்நாமிய இயக்குநர் ட்ரான் ஆன் ஹுங் போன்ற கலைஞர் இருக்கும்போது இவரை ஏன் முன்னால் வைக்கிறீர்கள்?

கே., கோவை

அன்புள்ள கே.,

முதலில் பெயர். அவருடைய குடும்பப்பெயரை ஙுயென் என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். நம் மொழியில் ஙகரம் சொல்லுக்கு முதலில் வருவது மிக அரிது. வியட்நாமிலோ ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்த ஒலியில் தொடங்கும் இந்தக் குடும்பப்பெயர்தான். நம்மிடம் சும்மா இருக்கும் எழுத்து இங்கே பயன்படட்டுமே. பெயரில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. இந்த மனிதரின் கதையே பெயர்களைப் பற்றியதுதான்.

1962இல், அன்றைய தெற்கு வியட்நாமின் தலைநகரான சைகோனில் பிறந்தவர். 1975 ஏப்ரலில் வட வியட்நாம் படைகளிடம் நகரம் விழுந்தபோது குடும்பம் கிளம்பியது. அப்போது அவருக்கு 12 வயது. குவாம் தீவு, ஆர்கன்சாஸில் அகதி முகாம், பிறகு மிசௌரி. 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' தொடரில் ஜானி டெப்போடு இளம் துப்பறிவாளர்களில் ஒருவராக வந்தார். பாத்திரத்தின் பெயர் ஹாரி ட்ரூமன் ஐயோகி. ஜப்பானிய வழி அமெரிக்கன். ஹிரோஷிமாவில் குண்டு போட ஆணையிட்ட அதிபரின் பெயரை ஒரு ஜப்பானிய வழி இளைஞனுக்கு வைத்து, அதை நடிக்க ஒரு வியட்நாமியரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதியில் ஐயோகி ஜப்பானியனே இல்லை என்று தெரியவருகிறது. சைகோன் விழுந்தபோது தப்பி வந்த வியட்நாமியச் சிறுவன், வேறொருவரின் பெயரை எடுத்துக்கொண்டு காவல்துறையில் சேர்ந்தவன். டஸ்டின் தப்பி வந்த அனுபவத்திலிருந்தும் அந்தக் கதை பிறந்தது. அந்தப் பகுதியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தன் கதையைச் சொல்லவே ஒரு நடிகர் இரவல் பெயருக்குள் ஒளிந்து வரவேண்டியிருந்தது.

1993ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரான் ஆன் ஹுங்கின் 'தி சென்ட் ஆஃப் கிரீன் பப்பாயா' படம் அந்த ஆண்டுதான் வந்தது. அதன் சைகோன் வீடு பிரான்சில் ஓர் அரங்குக்குள் கட்டப்பட்டது. அமெரிக்க இயக்குநர் ஆலிவர் ஸ்டோனின் 'ஹெவன் அண்ட் எர்த்' அதே ஆண்டு. டஸ்டின் அதில் நாயகியின் அண்ணனாக நடித்தார், வியட்நாமிய கிராமம் தாய்லாந்தில் எழுப்பப்பட்டது. ஹுங்கை நானும் நேசிக்கிறேன். ஆனால் அந்த ஆண்டின் இரண்டு படங்களுமே வியட்நாமை வெளியில் நின்று கட்டியெழுப்பியவை. டஸ்டின் அந்த நிலையிலிருந்து உள்ளே போனார். நீங்கள் வாய்ப்புத் தேடல் என்று சொல்வது இதைத்தான். 2005இல் 'லிட்டில் ஃபிஷ்' படத்தில் நடிகை கேட் பிளாஞ்செட்டுக்கு இணையாக முக்கிய வேடம் செய்தவர் அவர். அதற்குப் பிறகே வியட்நாமில் 'தி ரெபெல்' (2007) படத்தில் நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு வேலை செய்யும் கொடியவனாக நடித்தார். 12 வயதில் விட்டுப்போன மண்ணில், அந்த மொழியில் நடிக்க, 40 கடந்து திரும்பினார். அதற்குத் துணிச்சல் வேண்டும்.

2010இல் வந்த 'கான் டோங் பட் தான்' அவருடைய ஆகச்சிறந்த நடிப்பு என்பது என் எண்ணம். முடிவில்லா வயல்வெளி என்று பொருள். ஙுயென் ஙோக் து என்ற தென்பகுதி எழுத்தாளரின் கதை. மனைவி ஓடிப்போனதும் வீட்டைக் கொளுத்திவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு படகில் ஏறி, மேகோங் ஆற்றுக் கால்வாய்களில் வாத்து மேய்த்துத் திரிகிறான் ஒருவன். மனைவி மீதான வெறுப்பு பிள்ளைகள் மேல் விழுகிறது. டஸ்டின் அந்தக் கசப்பை முதுகிலும் தோளிலும் சுமந்து நடிக்கிறார். மகளாக வரும் நின் யுவோங் லான் ஙோக்குக்கு அதுதான் முதல் படம்.

'லுவா ஃபத்' (2013) பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை உண்டு. அவர் இயக்கிய அந்தப் படத்தில், தானே துறவி வீரனாக நடித்து, எந்தக் காலம் என்று சொல்ல முடியாத ஓர் உலகத்தைப் படைத்தார். ஆசை பெரிது, கதை அதைத் தாங்கவில்லை. அதோடு நிறுத்திவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

2015இல் 'சுங் சோ' எடுத்தார். பரிசு விழுந்தது என்று அர்த்தம். தெற்கு வியட்நாமில் தினமும் மாலை நான்கு மணி வாக்கில் லாட்டரிக் குலுக்கல். காலையில் முகவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு காப்பிக்கடை, சந்தை, படகுத்துறை என்று அலைவார்கள் ஏழைகள். வியட்நாமியப் பணத்தில் ஒரு சீட்டு 10,000 டோங். வாடிக்கையாளர் கடனுக்கு எடுத்துவைக்கச் சொன்ன சீட்டுகளுக்குப் பல நூறு கோடி டோங் விழ, சீட்டு தன் கையில் இருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தாள் ஒருத்தி. லாங் ஆன் மாகாணத்தில் உண்மையில் நடந்தது இது. படத்தின் விதை அதுதான். நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் நாம் சொல்கிறோம் இல்லையா, அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் படம் அது. சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அந்த ஆண்டு ஆஸ்கருக்கு வியட்நாம் அனுப்பியது அதைத்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது இது. முதல் படத்தில் அவர் உலகம் பார்த்து வியக்கும் வியட்நாமைத் தேடினார். இரண்டாவதில், யாரும் பார்க்காத தெருவில் சீட்டு விற்கும் பெண்ணைப் பின்தொடர்ந்தார். ஓர் இயக்குநராக அவர் ஊருக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான். பின்னாளில் அமெரிக்கத் தொடரான 'வாரியர்' கூப்பிட்டபோது ஸிங் என்ற சீனர் வேடம் செய்தார். மறுபடியும் வேறொருவரின் பெயர்தான். ஆனால் இம்முறை அதன் இரண்டாம் பருவத்தில் ஒரு பகுதியை இயக்கியும் கொடுத்தார்.

ஒரு வேண்டுகோள். 'கான் டோங் பட் தான்' பார்த்துவிட்டு அடுத்த நாளே 'சுங் சோ' பாருங்கள். முதல் படத்தில் அந்தத் தந்தை முகம் திருப்பிக்கொண்ட மகள் லான் ஙோக். இரண்டாவது படத்தில் சீட்டு விற்கும் பெண்ணும் அவர்தான், இப்போது கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் டஸ்டின். பார்த்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்