ஐரிஸ் பூவுக்கு ஆறு இதழா, ஒன்பது இதழா? ஒரே பூவுல மேல ஒரு கலர் கீழ ஒரு கலர் எப்படி வருது?

ஆறுதாங்க. ஆனா ஒன்பதுன்னு எண்ணத்தான் தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

நான் இருக்கிறது ஃப்ளோரன்ஸ்ல. போன மே மாசம் பக்கத்து வீட்டு பாட்டி வாடுற பூ ஒண்ணு கிள்ளிக் குடுத்தாங்க, அதை கிச்சன் டேபிள்ல வெச்சு ஒவ்வொண்ணா பிரிச்சேன். கீழ மடிஞ்சு தொங்குற மூணும் புல்லி இதழ், அதை ஃபால்ஸ்னு சொல்வாங்க. நிமிர்ந்து நிக்கிற மூணு அல்லி இதழ், ஸ்டாண்டர்ட்ஸ். நடுவுல இன்னும் மூணு குட்டியா இருக்குல்ல, அது இதழே இல்ல, சூல்தண்டு! ஸ்கூல்ல பிளேடு வெச்சு அறுத்த செம்பருத்தில குச்சி மாதிரி நீட்டிட்டு இருக்குமே, அதுக்குள்ள ஓடுற சூல்தண்டுதான் இதுல மூணா பிரிஞ்சு இதழ் மாதிரி அகலமாயிடுச்சு.

அதுல ஒண்ணை விரலால தூக்கிப் பாத்தேன், அடியில ஒரே ஒரு மகரந்தப்பை, நுனிகிட்ட சின்னதா ஒரு மடிப்பு. அந்த மடிப்புதான் மகரந்தத்தை வாங்குற இடம். தேனீ ஃபால்ஸ்ல எறங்கி அங்க இருக்கிற தாடி மாதிரி முடியைத் தாண்டி உள்ள நுழையுறப்போ வேற பூவுலேர்ந்து முதுகுல கொண்டு வந்த மகரந்தத்தை மடிப்பு வழிச்சு எடுத்துக்கும், உள்ள போனதும் புதுசா மகரந்தம் முதுகுல ஒட்டும், வெளிய வரும்போது மடிப்போட பின்பக்கம்தான் படும், அதனால சொந்த மகரந்தம் பெரும்பாலும் சேராது. இப்படி மூணு வாசல், தேனீக்கு இது ஒரு பூ இல்ல மூணு பூ. எனக்கு இதை நெனச்சா இன்னும் சிலிர்க்குது.

கலருக்கு வர்றேன். ரெண்டு வகை சாயம். ஊதாவும் நீலமும் ஆந்தோசயனின், செல்லுக்குள்ள இருக்கிற தண்ணில கரைஞ்சிருக்கும், வாடின பூவைத் தொட்டா விரல்ல மை மாதிரி ஒட்டும். மஞ்சள் கரோட்டினாய்டு, அது தண்ணில கரையாது. ரெண்டும் தனித்தனியா ஓடுறதால மேல ஒரு கலர் கீழ ஒரு கலர் வருது, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு பேர் உண்டு: மேல வெள்ளை கீழ ஊதான்னா அமீனா, மேல மஞ்சள் கீழ மெரூன்னா வேரியகாட்டா. அந்த மெரூன் தனி சாயம் இல்ல, மஞ்சள் மேல ஊதா ஏறினது. ஓரத்துல மட்டும் ஊசியால தைச்ச மாதிரி ஊதா வந்தா ப்ளிக்காட்டா, என் ஃபேவரிட் அதான்.

சுத்தமான சிவப்பு மட்டும் கிடையாது. இந்த ஊர் சின்னமே வெள்ளைல சிவப்பு ஐரிஸ், 1954ல ஆரம்பிச்ச ஐரிஸ் தோட்டமும் இங்க இருக்கு, புது ரகங்களுக்கு போட்டி கூட நடத்துறாங்க, ஆனாலும் வர்றதெல்லாம் செங்கல் கலர், துரு கலர்தான். ஐரிஸ் செய்யுற ஆந்தோசயனின் ஊதா பக்கம் சாயுற வகை, செவப்பு குடுக்கிற வகையை அது செய்யுறதில்ல.

நீங்க பூக்கடைல நீல ஐரிஸ் பாத்திருந்தா அது அனேகமா டச்சு ஐரிஸா இருக்கும். அதுல தாடி இருக்காது, அந்த எடத்துல ஒரு மஞ்சள் பட்டை. மத்தபடி அமைப்பு இதேதான், ஒண்ணு வாங்கி நடுவுல இருக்கிற குட்டி இதழை மெதுவா தூக்கிப் பாருங்க.