டின் கடலை, டின் மீன்: கழுவினால் உப்பு போகுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. பிரஷருக்கு டெல்மிசார்டான் மாத்திரை எடுக்கிறார். மகன் ஷார்ஜாவிலிருந்து வரும்போதெல்லாம் டின் கொண்டைக்கடலை, சூரை, சாளை எல்லாம் கொண்டுவருகிறான். கழுவிச் சமைத்தால் உப்பு போய்விடுமா? உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்கிறார்களே? - வாசகி, களியக்காவிளை

மருத்துவர் பதில்:

குறையும், முழுவதும் போகாது. முதலில் லேபிளில் 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று பாருங்கள். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 300 மி.கி. சோடியம் என்றால் முக்கால் கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில லேபிள்களில் ஒரு பரிமாறலுக்கு என்று போட்டிருப்பார்கள். சின்ன எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

கடலை டின்னில் உப்பில் நல்ல பங்கு அந்தக் கொழகொழத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை வடித்துக் கொட்டினாலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உப்பு போய்விடும். பிறகு வடிதட்டில் போட்டு, குழாயடியில் கையால் புரட்டிப் புரட்டி, நுரை நிற்கும்வரை கழுவினால் சுமார் 40 சதவீதம் வரை குறையும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் நிறையத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். புட்டுக்குக் கடலைக்கறி வைக்கும்போது, தேங்காய் வறுத்தரைத்துச் சேர்த்து இறக்கும் நேரத்தில் ருசி பார்த்த பின்பே உப்பைத் தொடுங்கள். பழக்கத்தில் முதலிலேயே ஒரு கரண்டி போட்டுவிட்டால் கழுவியதெல்லாம் வீண்.

சூரையில், தண்ணீரில் அடைத்ததை வாங்கச் சொல்லுங்கள். துண்டுகளை லேசாகப் பிரித்துச் குழாயைச் சன்னமாகத் திறந்து, ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் காட்டினால் நன்றாகவே குறையும். எண்ணெயில் அடைத்த மீனில் எண்ணெயை வடிப்பதால் உப்பு அதிகம் போகாது. உப்பு இருப்பது சதையில். எண்ணெய்ப் படலம் இருப்பதால் கழுவும் தண்ணீரும் சரியாக உள்ளே போகாது. தக்காளிச் சாறில் கிடக்கும் சாளையைக் கழுவி மீட்க முடியாது. சாறை ஒதுக்கிவிட்டு ஒன்றிரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளட்டும். அன்றைக்குக் கருவாடும் ஊறுகாயும் வேண்டாம்.

டின்னில் உணவைக் கெடாமல் காப்பது உப்பு அல்ல, மூடிச் சூடேற்றும் முறை. அதனால் 'உப்பு சேர்க்காதது' என்ற டின்னைத் தயங்காமல் வாங்கலாம். திறந்த பிறகு மிச்சத்தைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுங்கள்.

உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தனியாக இழுக்காது. உப்போடு சேர்த்துக் குழம்பைக் குடிக்கும். அந்தக் கிழங்கையும் அவரே சாப்பிட்டால் என்ன லாபம்?

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கும். டெல்மிசார்டானும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது. இரண்டும் சேர்ந்தால், அதுவும் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டையும் பரிசோதித்து, அவருடைய மருத்துவரிடம் காட்டிக் கேட்காமல் அந்த உப்பை வாங்காதீர்கள்.