கார்பன் குழாயிலிருந்து அலுமினிய முனை கழன்றால் யார் பொறுப்பு?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். மொட்டை மாடியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கிக்காக, இரு முனைகளிலும் அலுமினியத் துண்டு செருகி ஒட்டிய எட்டு கார்பன் ஃபைபர் குழாய்களை இணையம் வழியாக வாங்கினேன். வெளிவிட்டம் 25 மி.மீ., சுவரின் தடிமன் 1.5 மி.மீ. ஏழே மாதத்தில் இரண்டு முனைகள் கையோடு கழன்று வந்துவிட்டன. உள்ளே வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. நான் அளவுக்கு மீறி முறுக்கியதால்தான் கழன்றது என்கிறார் விற்றவர். பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா, அல்லது நானே மீண்டும் ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: கழன்ற முனைகளைத் தயவுசெய்து சுரண்டவோ துடைக்கவோ வேண்டாம். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்தப் பரப்புதான். பகல் வெளிச்சத்தில் அருகிலிருந்து படம் எடுத்துவிட்டு, உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

பசை இரண்டு பக்கமும் ஒட்டியபடி நடுவில் கிழிந்திருந்தால், மூட்டு தாங்கக்கூடியதற்கு மேல் சுமை விழுந்திருக்கலாம். பசை முழுவதும் குழாயோடு தங்கிவிட்டு, அலுமினியம் மட்டும் வழுவழுப்பாக வெளியே வந்திருந்தால், ஒட்டுவதற்கு முன் உலோகப் பரப்பைச் சரியாகத் தயார் செய்யவில்லை, அல்லது பிறகு அந்தப் பரப்பு அரித்துப்போயிற்று என்று பொருள். வெள்ளைப் பொடி இருப்பதால் உங்களுடையது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

விற்றவர் சொல்லும் காரணத்தை ஒரு சிறு கணக்கால் சோதிக்கலாம். குழாயின் உள்விட்டம் 22 மி.மீ. துண்டு 25 மி.மீ. ஆழம் சென்றிருந்தால், ஒட்டும் பரப்பு சுமார் 1,700 சதுர மி.மீ. நல்ல எபாக்ஸி பசைக்குச் சதுர மி.மீட்டருக்கு 10 நியூட்டன் என்று குறைவாகவே மதிப்பிட்டாலும், நேராக இழுத்துப் பிரிக்க 17,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 1,700 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் விளிம்பில் அழுத்தம் குவியும் என்பது உண்மைதான். ஆனாலும் முறையாக ஒட்டிய மூட்டு கையோடு வராது.

அந்தப் பொடி அலுமினியம் அரித்ததால் வந்தது. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். அது அலுமினியத்தை நேரடியாகத் தொட்டு, இடையில் ஈரமும் சேர்ந்தால், அந்த இடம் ஒரு சிறு மின்கலமாகி அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். இரவெல்லாம் வெளியில் நிற்கும் தொலைநோக்கியின் மேல் பனி படிவது இயல்பு. ஈரத்துக்கு அதுவே போதும். இதைத் தவிர்க்கவே, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கண்ணாடி இழைத் துணி ஒரு சுற்று வைப்பார்கள், அல்லது அலுமினியத்தை அனோடைசிங் செய்து (மின்வேதி முறையில் அதன் மேல் கெட்டியான ஆக்சைடு படலம் உண்டாக்கி), பசை எங்கும் விடுபடாமல் நிரம்பும்படி ஒட்டுவார்கள். போயிங் 787 விமானத்தில் கார்பனைத் தொடும் பல இடங்களில் விலை கூடிய டைட்டானியத்தைப் பயன்படுத்தியதற்கு இந்த அரிப்பும் ஒரு காரணம். ஆகவே வெளியில் பயன்படுத்தத் தரும் பொருளில் இந்தத் தடுப்பு இல்லையென்றால், அது பொருளின் குறைபாடே தவிர உங்கள் கையின் குற்றம் அன்று.

விற்பனையாளருக்குப் படங்களோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். தளத்தின் குறைதீர் அலுவலர், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதிலும் பயனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. தேவைப்பட்டால் ஆணையமே பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். முடிவு தெரியும்வரை மீண்டும் ஒட்ட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

கேள்வி: வெறும் குழாயை மட்டும் வாங்கி, முனைத் துண்டுகளைப் பீன்யாவில் லேத் பட்டறை ஒன்றில் கடைந்துகொள்ள நினைக்கிறேன். என்ன அளவு கொடுப்பது?

பதில்: விளம்பரத்தில் போட்ட அளவை நம்பாமல், கையில் வந்த குழாயின் உள்விட்டத்தை அளந்து, அதைவிட 0.3 முதல் 0.4 மி.மீ. குறைவாகக் கடையச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் இறுக்கமாகச் செய்து தருவதையே நல்ல வேலை என்று எண்ணுவார். இங்கே அது கெடுதல், ஏனெனில் இறுக்கமான துண்டு உள்ளே போகும்போது பசையை வழித்துத் தள்ளிவிடும். வெயிலில் 30 டிகிரி சூடேறினால் 22 மி.மீ. அலுமினியம் 0.015 மி.மீ. விரியும், அந்த அசைவைத் தாங்கவும் பசைக்குத் தடிமன் வேண்டும். துண்டின் நடுவே ஒரு சிறு துளையும் கேளுங்கள். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று, பசை இறுகுவதற்குள் துண்டை வெளியே தள்ளும்.

ஒட்டும் நாளில் இரு பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். அனோடைசிங் செய்த துண்டைத் தேய்க்காமல் துடைத்தால் மட்டும் போதும். தெளித்த தண்ணீர் முத்துமுத்தாகத் திரளாமல் படலமாகப் பரவினால்தான் பரப்பு சுத்தம்; அது காய்ந்த பிறகே பசை பூச வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை இதற்கு ஆகாது. மெதுவாக இறுகும் இரு பகுதி எபாக்ஸியை வாங்கி, முழு வலு வர ஒரு வாரம் விடுங்கள்.