வேலூர்ப் பக்கம் படியேறாமல் நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய பழமையான இடம் எது?

முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்ல வேண்டும், படிக்கட்டு இருக்கக் கூடாது, ஆனாலும் கொஞ்சம் காலாற நடக்கவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு நிலைமையும் அதுவே என்பதால், எல்லோரும் சொல்லும் வேலூர்க் கோட்டையை விட்டுவிட்டு, என் தந்தையுடன் நான் சென்று வந்த மகேந்திரவாடியைப் பரிந்துரைக்கிறேன். பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த அந்தச் சிற்றூர், 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது.

நம் பக்கத்தில் பழமையானது எதைப் பார்க்க வேண்டுமானாலும் பெரும்பாலும் மலை ஏறியாக வேண்டும். வள்ளிமலைக்கும் படிகள் உண்டு. சோளிங்கர் யோக நரசிம்மரைக் காண 1305 படிகள் ஏற வேண்டும் (இப்போது ரோப் கார் வந்துவிட்டது). மகேந்திரவாடியிலோ, சமதரையில் தனியாகக் கிடக்கும் ஒரே பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் கோயில் ஆக்கியிருக்கிறான். காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். ஊருக்குள் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தால் சில நிமிடங்களில் பாறையை அடைந்துவிடலாம். குடைவரைக்குள் கால் வைக்கும் இடத்தில் மட்டும் தந்தைக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

மாமல்லபுரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவருக்கு இது முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சுவர் நிறையச் சிற்பங்கள் இங்கே கிடையாது. மேலும் கீழும் சதுரமாகவும் நடுவில் எண்பட்டையாகவும் செதுக்கிய தடித்த தூண்கள் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையில் நிற்கின்றன. சதுரப் பகுதிகளில் தாமரைப் பதக்கங்கள். பின்சுவரில் ஒரே கருவறை, அதன் இருபுறமும் வாயிற்காவலர்கள். அவ்வளவுதான். மூலவராக முன்பு இருந்த திருவுருவம் இப்போது இல்லை. பிற்காலத்தில் வைக்கப்பட்ட நரசிம்மரே வழிபாட்டில் இருக்கிறார். நாங்கள் சென்ற அன்று கம்பிக் கதவு பூட்டியிருந்ததால் கருவறையை வெளியிலிருந்தே பார்க்க நேர்ந்தது.

ஆனால் முகப்பில் உள்ள வடமொழிக் கல்வெட்டின் பொருளைத் தெரிந்துகொண்டு நின்றால் அந்த ஏமாற்றம் போய்விடும். பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டிய ஒரே செய்யுள் அது. நல்லோர் போற்றுவதும், மக்கள் கண்ணுக்கு இனிய அழகின் உறைவிடமும் ஆகிய 'மகேந்திர விஷ்ணு கிருகம்' என்னும் முராரியின் கோயிலை, மகேந்திரபுரம் என்னும் பெரிய ஊரில், மகேந்திர தடாகத்தை ஒட்டிப் பாறையைப் பிளந்து குணபரன் செய்வித்தான் என்பது அதன் கருத்து. குணபரன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்களுள் ஒன்று. ஊர், ஏரி, கோயில் என்று மூன்றுக்கும் தன் பெயரையே சூட்டிக்கொண்ட அரசனின் ஆசையைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்பரால் சைவத்துக்கு வந்தவன் என்றே நாம் அறிந்திருக்கும் மன்னன், இங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்திருக்கிறான் என்பதும் கவனிக்கத்தக்கது.

என் தந்தை பயிர் வைத்துப் பழகியவர் என்பதால், கல்வெட்டின் பொருளை நான் சொன்னதும், "அப்போ அந்த ஏரி எங்கடா இருக்குது?" என்றுதான் முதலில் கேட்டார். ஏரி இன்னும் இருக்கிறது. குடைவரையைப் பார்த்த கையோடு ஏரிக்கரைக்கும் சென்று சிறிது தூரம் நடந்துவிட்டு வாருங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். தூணைத் தடவிப் பார்த்தபோது இல்லாத சுறுசுறுப்பு கரைமேல் ஏறியதும் அவருக்கு வந்துவிட்டது. மதகு எந்தப் பக்கம், ஏரி கோடி போனால் தண்ணீர் எங்கே இறங்கும் என்று பேசிக்கொண்டே, முழங்காலை மறந்து, நான் கணக்கிட்டிருந்ததைவிட இரண்டு மடங்கு நடந்தார். பெரிய ஊர் என்று செய்யுள் சொன்ன மகேந்திரபுரம் சிற்றூராகச் சுருங்கியிருக்க, அதே செய்யுள் சொன்ன நீர்நிலையின் கரையில் நின்று பேசுகிறோம் என்பதை அவர் எந்தக் குறிப்பும் படிக்காமலே உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

வேலூரிலிருந்து காரில் வருவதானால் வாலாஜா, காவேரிப்பாக்கம் வழியாக வரலாம். ரயிலில் வருவதானால் காட்பாடி–அரக்கோணம் பாதையில் சோளிங்கர் நிலையத்தில் இறங்க வேண்டும். பெயர் சோளிங்கர் என்றாலும் அந்த நிலையம் பாணாவரத்தில் இருக்கிறது, சோளிங்கர் ஊர் அங்கிருந்து வெகு தூரம். மகேந்திரவாடிக்குப் பாணாவரமே பக்கம் என்பதால் நமக்கு அது வசதிதான். அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொள்ளலாம். கரைமேல் நடக்க எண்ணினால் தை, மாசி மாதங்களில், வெயில் ஏறுவதற்குள் சென்றுவிடுங்கள். குடிக்கத் தண்ணீரும், அம்மாவுக்கு வேண்டியிருந்தால் ஒரு மடக்கு நாற்காலியும் எடுத்துச் செல்லுங்கள்.